மூத்திர நாத்தம் அடிச்ச சுறா

ரிங்லெட் டவுனிலிருந்து மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த லோரி ரேஷன் கருவாட்டை இறக்கியதுதான் தாமதம், ஆபீஸ் வாசலில் நின்ற கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சியில் கருவாடு கிடைப்பதே பெரும்பாடு. வந்ததும் இப்படியா நாறித் தொலைய வேண்டும்!

"கெட்டுப்போச்சுலா! குழி வெட்டிப் புதைச்சிருங்க," என்று கத்தினார் தோட்டக் கணக்கெழுதும் கிராணி தங்கையா. தின்று யாராவது செத்தால் ஜப்பான்காரன் கேட்பது அவர் தலையைத்தான். ஆட்கள் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்த கத்தரீனுக்கு வாடை எட்டியதும் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே போட்டாள். நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாடை மறக்குமா? பிள்ளை பெற்றுப் பதினாறு நாளான நாத்தனார் ரோஸ்மேரிக்கு மார்பில் பால் இல்லை. கஞ்சித்தண்ணியை நக்கி நக்கிக் குழந்தை துரும்பாகிவிட்டது. பால் சுரக்கச் சுறாப்புட்டு போட வழியில்லையே என்று மாதாவிடம் அழுதவளுக்கு, சுறாவே மலையேறி வந்திருக்கிறது! ஓடினாள் பாருங்கள் ஓட்டம்!

"நிறுத்துங்க! அது சுறா! கெட்டுப்போகல, அதோட வாடையே அப்படித்தான்!"

"மூத்திர நாத்தம் அடிக்குதேம்மா!"

"அடிக்கத்தான் செய்யும் கிராணியாரே! உப்புத்தண்ணியில உடம்பு வத்தாம இருக்க மூத்திர உப்பை ரத்தத்துலயே வச்சிருக்கிற மீனு. தடவிப் பாருங்க, வாலுப் பக்கமா வழுக்கும், தலைப் பக்கமா அரம் மாதிரி அறுக்கும். தோலெல்லாம் பொடிப்பொடியா பல்லு! நடுத்தண்டை வெட்டுங்க, எலும்பே இருக்காது, வெறும் குருத்து. பூமியில மரமே முளைக்காத காலத்துலயே இது நீந்துச்சுன்னு எங்க ஊரு பாதிரியார் சொல்வாரு!"

"அவ்ளோ பழைய மீனா? அதான் இந்த நாத்தம்," என்றார் தங்கையா. ஆனாலும் தடவினார். விரல் சிராய்த்தது. பயம் மட்டும் போகவில்லை.

கத்தரீனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு துண்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றாள். "நான் செத்தா இந்தக் குழியிலயே போட்டு மூடுங்க!" என்று குழி ஓரத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது, இரண்டும் போனது. சாவதாவது! இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள். தங்கையா தலையில் அடித்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்கலா," என்றார். மூக்கைப் பொத்தி ஓடிய கூட்டம் முண்டியடித்துத் திரும்பி வந்தது.

மூன்று தரம் கொதிக்கவைத்து வடித்து, உதிர்த்து, வீட்டிலிருந்த பூண்டையெல்லாம் தட்டிப்போட்டுப் புட்டு கிளறினாள். ரோஸ்மேரி வழித்து வழித்துத் தின்றாள்.

மூன்றாம் நாள் காலை, மார்பில் கிடந்த குழந்தை திடீரென்று இருமியது. கத்தரீன் பதறிப்போய்ப் பார்த்தாள். வாயோரம் பால் வழிந்தது. பால் பெருகிப் புரையேறிவிட்டது! ரோஸ்மேரி சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது.

கத்தரீன் குழந்தையின் உச்சியில் மெல்லத் தட்டினாள்.

"யாரோ நெனைக்கிறாங்கடி ராஜாத்தி. வேற யாரு, யாராச்சும் செத்தாங்களான்னு இன்னும் பயந்துக்கிட்டிருக்கிற அந்தக் கிராணிதான்!"