ஸகியாவுக்குக் கட்டிய வீடு

பெரிய நிலக்காரரான ஆதம்பாவா போடியாருக்குப் பிள்ளைகள் இல்லை. மௌத்தாகுமுன் வாவிக்கரைத் தென்னந்தோட்டத்தை அல்லாஹ்வின் பேரில் தர்மச் சொத்தாக வக்பு எழுதினார். தோட்டத்து வருமானத்தில் வருசத்துக்கு ஒரு கலியாணமாகாத ஏழைக் குமருக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில்தான் வந்து குடியிருப்பான். வீடில்லாத பெண்ணை எவனும் கலியாணம் முடிக்க மாட்டான்.

முதல் இரண்டு வருசமும் வீடு கட்டினார்கள். அதில் ஒன்றை மாப்பிள்ளை விற்றுத் தின்றுவிட்டு ஓடிப்போனான். பிறகு பொறுப்புக்கு வந்த சாலிஹ் ஹாஜியார் கட்டுவதை நிறுத்தினார். வருமானத்தில் பக்கத்துத் தோட்டத்தை வாங்கினார். அடுத்து கிரான் ஊரில் வயல்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும். மறுகா வருசத்துக்கு அஞ்சு வீடு கட்டலாம்" என்பார். பதினொரு வருசம் அதையே சொன்னார். கள்வன் என்று அவரைச் சொல்ல முடியாது. வக்புக் கூட்டத்துக்குத் தேத்தண்ணிகூடத் தன் வீட்டிலிருந்துதான் கொண்டு வருவார். நான் அந்த வக்பின் கிளாக்கர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அது நல்ல வேலை.

முப்பத்தெட்டாம் ஆண்டு ஸைனம்பு வந்தாள். பாய் இழைத்துப் பிழைக்கிற விதவை. மகள் ஸகியாவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். சொந்தமாக ஒரு துண்டு வளவு இருந்தது, வளவில் ஒரு மண்குடிசை. மாப்பிள்ளை வீட்டார் கல்வீடு கேட்டார்கள்.

ஹாஜியார் ஒரு வழி சொன்னார்.

"வளவ வக்புக்கு எழுதித் தா. அதிலேயே கல்வீடு கட்டித் தாறன். புள்ள இரிக்கட்டும். எவனும் வித்துத் தின்ன ஏலா."

ஸைனம்பு என்னைப் பார்த்தாள். "உசனார் தம்பி, அது ஸகியாட வீடுதானே?"

"ஓம் ராத்தா" என்றேன்.

கலியாணம் முடித்தால் ஸகியா அதில் குடியிருக்கலாம் என்றுதான் உறுதிப் பத்திரத்தில் இருந்தது. அவளுடையது என்று எங்கும் இல்லை. வாசகத்தை அமைத்தவன் நான். வாசித்துக் காட்டியிருக்கலாம். உறுதி முடிக்கும் நொத்தாரிசு பகல் சோற்றுக்கு எழும்பிவிட்டார். ஸைனம்பு பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

குடிசை இருந்த இடத்தில் ஐந்து மாதத்தில் வீடு எழும்பியது. மூன்று அறை, ஓட்டுக் கூரை, சுண்ணாம்பு பூசிய சுவர். மாப்பிள்ளையின் உம்மா ஆயிஷா உம்மா உறவுக்காரப் பெண்களோடு பார்க்க வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு சீதன உறுதியைக் கேட்டாள். ஸைனம்பு என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் போய், வீடு வக்புக்குச் சொந்தம், ஸகியா குடியிருக்கலாம் என்று விளக்கினேன்.

"அப்ப எங்கட மகன் பள்ளிவாசலுக்கா மாப்பிள்ளயா வாறான்?" என்றாள் ஆயிஷா உம்மா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "நாளைக்கு ஹாஜியார் வெளிய போ எண்டா, பாயச் சுருட்டிக்கிட்டு எங்க கா போற?"

"ஹாஜியார் அப்பிடிச் சொல்ல மாட்டார் மச்சி."

"அவர் மௌத்தானா?"

ஸைனம்பு வெற்றிலைத் தட்டை முன்னால் தள்ளினாள். வந்தவர்கள் அதைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

அடுத்த நாள் ஸைனம்பு ஹாஜியார் வீட்டு வாசலில் குந்தியிருந்து அழுதாள். "எனக்கு வீடு வாணாம் ஹாஜியார். என்ட வளவத் திருப்பித் தாங்க. பழையபடி ஒரு மண்குடிசையோட ஆரும் முடிக்கிறவன் முடிக்கட்டும்."

"வக்பு ஆனது ஆனதுதான் புள்ள. அல்லாஹ்ட சொத்தத் திருப்பித் தர நான் ஆரு?"

அவருக்கும் கண் கலங்கியது. அந்த மாதமே வீட்டை நெல் வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். சும்மா கிடந்தால் கறையான் தின்னும், வாடகை வந்தால் இன்னொரு குமருக்கு உதவும் என்றார். தாயும் மகளும் பின்புறத்து அடுப்படியில் இருக்கலாம், வாடகை வேண்டாம் என்று இரக்கப்பட்டார்.

நாலு வருசமாயிற்று. ஊரில் வேறு யாரும் ஸகியாவைப் பெண் கேட்டு வரவில்லை. வியாபாரியின் மனைவிக்கு அவள் முற்றம் கூட்டுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். மாதம் ஒருமுறை வாடகை வாங்கப் போகிறேன். அவள் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. போன மாதம் மட்டும் கேட்டாள்.

"இந்த வருசம் எந்தக் குமருக்குக் கட்டுறீங்க?"

"ஒண்டும் இல்ல. கிரான்ல இன்னொரு வயல் விலைக்கு வந்திரிக்கி."

"வாங்குங்க" என்றாள். என் காலடிக் குப்பையைக் கூட்ட வேண்டும் என்று விலகி நிற்கச் சொன்னாள்.