காண்டஸா ஸ்டார்ட் ஆன ஞாயிறு

ஆனந்த்ராஜ் ஓர் எஞ்சினைப் பிரித்தான் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். எஞ்சினைப் பிரித்து வீடு முழுக்கப் பரப்பினான் என்பதே முழு உண்மை. மாதா படத்துக்குக் கீழே நாலு பிஸ்டன்களும் மெழுகுவர்த்தி மாதிரி வரிசையாக நின்றன. வால்வுகள் முட்டை அட்டையில் செருகப்பட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்தன. கிராங்க் ஷாஃப்ட் கட்டிலுக்கடியில் பழைய போர்வைக்குள் படுத்திருந்தது. மேலே படுத்திருந்த அறிவுச்செல்விக்குப் போர்த்திக்கொள்ள அந்த வீட்டில் ஒரு நல்ல போர்வை இல்லை.

புருஷன்மேல் கோபப்படுவதை அவள் நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. கோபப்படுவதற்கு எதிரில் இருக்கிற ஆள்மேல் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும். அவளிடம் மிச்சமிருந்தது இளக்காரம் மட்டும்தான். அது சோற்றுக்கு உப்பு மாதிரி தினமும் கொஞ்சம் செலவாகிக்கொண்டிருந்தது.

வண்டி, டர்போ வைத்த டீசல் காண்டஸா கார். தொண்ணூறுகளில் வந்தது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டிக்காரரின் தோட்டத்தில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அதைக் கண்டுபிடித்து, என்னவோ புதையல் எடுத்தவன் மாதிரி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். "ஏனுங்க, நீங்க இதை எடுத்துட்டுப் போனாலே எங்களுக்குப் புண்ணியமுங்க" என்று மண்டிக்காரர் கும்பிட்டுச் சொன்னாராம். அதை ஆனந்த்ராஜ் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த ஆள் எதற்காகக் கும்பிட்டார் என்பதுகூட அவனுக்குப் புரியவில்லை.

வண்டி வந்து இறங்கிய இடம் வீட்டு முன்பக்கத்து ஷெட்டு. நாகல் நகரில் தெருவைப் பார்த்தாற்போல இருந்த அந்த ஷெட்டில்தான் அறிவுச்செல்வி பார்லர் வைப்பதாக இருந்தது. கல்யாண மேக்கப் படிக்க மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்து, சான்றிதழ் வாங்கி, ஏற்றி இறக்குகிற நாற்காலிகூட வாங்கிவிட்டாள். நாற்காலி வந்து சேர்ந்த வாரத்தில்தான் காண்டஸாவும் வந்து சேர்ந்தது. "ஆறே மாசம். முடிச்சு வெளியே எடுத்துருவேன்" என்றான். இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்தது காண்டஸாவின் சிலிண்டர் ஹெட் ஒன்றுதான். ஏற்றி இறக்க வசதியாக இருக்கிறதாம்.

பார்லர் சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எஞ்சினுக்குப் போயின. பேரிங்கைச் சூடாக்க ஹேர் டிரையர். ஆயில் போகிற துளைகளைச் சுத்தம் செய்ய மஸ்காரா பிரஷ். முறுக்கி முடித்த போல்ட்டுக்கெல்லாம் அடையாளம் வைக்க மணப்பெண்களுக்குப் போடுகிற மெரூன் நெயில் பாலிஷ். "இந்தா, இந்தக் கலரு தீந்துருச்சு, இன்னொண்ணு வாங்கி வையி" என்று வேறு சொல்வான்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் அவன் சுத்தம். ஒரு போல்ட்டைக்கூட குத்துமதிப்பாக முறுக்க மாட்டான். அளந்து, துடைத்து, மறுபடி அளப்பான். ஊரில் உள்ள மெக்கானிக் ஒருவனையும் கிட்டே சேர்க்க மாட்டான். "அவனுங்களுக்குச் சுத்தியலை விட்டா என்ன தெரியும்? இது டர்போ" என்பான். பிழைப்புக்கு இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கப் போகிற இடத்திலும் டர்போ பேச்சுதான். அதனாலேயே பாலிசி ஒன்றும் சிக்குவதில்லை.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"டர்போன்னா என்னாண்டு நெனச்ச? எஞ்சின் விடுற புகையே ஒரு சக்கரத்தைச் சுத்திவிடும். அது இந்தப் பக்கம் இன்னொரு சக்கரத்தைச் சுத்தி, வெளிக்காத்தை உறிஞ்சி உள்ள திணிக்கும். அம்புட்டு வேகம். ஒரு நூலு உள்ள போனாப் போதும், ரெக்கை பூராம் செதறிப்போகும். சீல் ஒடஞ்சு ஆயில் எறங்கிருச்சுண்டு வையி, அப்பறம் டீசலே வேணாம். அந்த ஆயிலைக் குடிச்சே எஞ்சின் ஓடும். சாவியைப் புடுங்குனாலும் நிக்காது. ஒரு பலகையை வச்சு காத்துப் போற வாயை அடைச்சாத்தான் நிக்கும். வெளங்குதா?"

"வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்பாள் அறிவுச்செல்வி.

"ஒனக்கெங்கிட்டு வெளங்கப் போகுது" என்று அவன் தட்டை நகர்த்துவான். அவளுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை தடவை கேட்டால் சுவருக்கும் விளங்கும்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து கீர்த்தனா என்று ஒரு கல்யாணப் பெண் மேக்கப் போட்டுப் பார்க்க வந்தாள். ஷெட்டில் இடமில்லாமல் அறிவுச்செல்வி அவளைப் படுக்கையறையில் கட்டில்மேல் உட்கார வைத்துத்தான் போட்டாள். பெண் எழுந்தபோது சந்தன நிறப் பட்டுச் சேலையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு ஆயில், விரிப்பில் அவன் எதையோ வைத்து எடுத்த கறை. கூட வந்திருந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்துக்கு வேறு பார்லரில் ஏற்பாடு செய்துகொண்டதாக அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு அறிவுச்செல்வி அடுப்படியில் நின்று அழுதாள். ஆனந்த்ராஜ் வந்து, கறை பட்ட விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "பழைய ஆயிலுதான், புதுசு இல்ல" என்று நிம்மதியாகச் சொன்னான்.

அதற்கப்புறம் நடந்த சண்டையில் அவள் மாமனார் அருளப்பன் நடுவில் வந்தார். வீடு அவருடையது. அறிவுச்செல்வியின் தம்பி அந்தோணிராஜும் இருந்தான். அவர்கள் முன்னால் ஆனந்த்ராஜ் மார்பைத் தட்டிச் சொன்னான்: "ஈஸ்டர் கழிஞ்ச மொத ஞாயிறு ஸ்டார்ட் பண்ணுறேன். ஆகலைண்டா ஷெட்டு இவளுக்கு, வண்டியை எடைக்குப் போட்டுர்றேன். ஆயிருச்சுண்டா, பார்லருங்கிற பேச்சையே இவ எடுக்கக் கூடாது. சம்மதமா?"

அவள் சம்மதம் என்றாள். இவனால் எங்கே முடியப் போகிறது என்கிற தைரியம். இளக்காரத்தில் உள்ள ஒரே கெடுதல் இதுதான், கணக்கைத் தப்பாகப் போட வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கோயிலிலிருந்து நேரே வந்துவிட்டார்கள். வண்டியைப் பார்க்கப் பாதிப் பேர், பிரியாணிக்கு மீதிப் பேர். எஞ்சின் வண்டிக்குள் ஏறியிருந்தது, பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தான். அருளப்பனுக்குக் காது மந்தம், அதனால் கிட்டத்தில் கேட்க வேண்டும் என்று ஷெட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனந்த்ராஜ் புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தான். செல்போனை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டி வீடியோவை ஓடவிட்டான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் உள்ள நாற்பது பேரும் வாயைப் பிளக்க வேண்டும் என்பது அவனுடைய வாழ்நாள் ஆசை.

அந்தோணிராஜுக்குப் பூ மார்க்கெட்டில் கடை. சம்பங்கியும் ரோஜாவும் கலந்து கையகலத்துக்குக் கட்டிய மாலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியின் முன்பக்க பம்பரில் போட்டான்.

"அங்கிட்டுப் போட்டா வீடியோவுல எப்புடிடா தெரியும்?" என்று ஆனந்த்ராஜ் அதைப் பிடுங்கி எஞ்சினுக்கு மேலே குறுக்காக வைத்தான். காற்று வடிகட்டியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தான். டர்போவின் விசில் சத்தம் வீடியோவில் அப்படியே விழ வேண்டுமாம். மாலையின் வால், நார்க் குஞ்சத்தோடு, டர்போவின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் தொங்கியது.

அறிவுச்செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அந்த மாலை..."

"செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கியா? இதென்ன நீ புருவம் எடுக்குற எடமா?"

கூட்டம் சிரித்தது. அந்தோணிராஜ்கூடச் சிரித்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டான். அவளுக்கு முகம் எரிந்தது. சரி, மூடச் சொன்னால் மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவன் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆனந்த்ராஜ் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் இழுத்து இழுத்து முனகியது. இரண்டாம் தடவை வெள்ளைப் புகை கக்கியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது என்றால் சாதாரணமாக இல்லை. ஒரு தட்டல் இல்லை, உதறல் இல்லை. நிதானமான, கனமான சத்தம். கூட்டம் கை தட்டியது. அருளப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். நல்ல சத்தம்தான் என்று அறிவுச்செல்விக்கே ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி கணக்கு உறைத்தது. ஷெட்டு போயிற்று. இனிமேல் ஆயுசுக்கும் படுக்கையறையில் பாயை விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் புருவம் திருத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"எல்லாரும் சாட்சி!" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான் ஆனந்த்ராஜ். "ஏய், கேட்டுக்கிட்டியா? இனிமே பேச்சு மூச்சு வரக் கூடாது. இப்ப விசிலைக் கேளுங்க!"

மிதித்தான். மெலிதாக விசில் கிளம்பியது. இன்னும் மிதித்தான். மாலையின் வால் மெதுவாகத் தலையைத் தூக்கியது. மூன்றாவது மிதியில் மாலை சரசரவென்று டர்போவுக்குள் ஓடியது. ரோஜா, சம்பங்கி, நார், ஜிகினா, எதையும் அது மிச்சம் வைக்கவில்லை.

உள்ளே ஏதோ கிழிந்தது. கறுநீலப் புகை குப்பென்று கிளம்பியது. ஆனந்த்ராஜ் மிதியிலிருந்து காலை எடுத்தும் எஞ்சின் அடங்கவில்லை. தானாக ஏறிக்கொண்டே போயிற்று. சாவியைத் திருப்பினான், நிற்கவில்லை. சாவியை உருவிவிட்டான், அதற்கும் நிற்கவில்லை. எஞ்சின் தன் ஆயிலைத் தானே குடித்து அலற, வண்டி கிடுகிடுவென்று ஆடியது.

இரண்டு வருஷம் எல்லோருக்கும் பாடம் நடத்திய மனிதன் கதவைத் திறந்தான், குதித்தான், ஓடினான். நாற்காலியில் இருந்த அப்பாவின் காலை மிதித்துக்கொண்டு ஓடினான். கேட்டைத் தாண்டித் தெருவில் போய் முதலில் நின்றவன் அவன்தான். சாவி மட்டும் பத்திரமாகக் கையில் இருந்தது. கூட்டம் அவன் பின்னால் ஓடியது.

அருளப்பன் எழ முடியாமல் புகைக்குள் இருமினார். அறிவுச்செல்வி முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சுவரோரம் ஒரு பலகை சாய்ந்திருந்தது. எடுத்து டர்போவின் வாயில் அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். பலகை கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் மாமனாரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே நடத்திக்கொண்டு வந்தாள். பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் பின்னால் டமாரென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கருகிய சம்பங்கி வாடை தெருவரைக்கும் அடித்தது.

எல்லாம் அடங்கியது என்று நிச்சயமானபிறகு ஆனந்த்ராஜ் திரும்பி வந்தான். "ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணத்தான் ஓடுனேன்" என்றான். போன் ஷெட்டுக்குள் மூன்று கால் ஸ்டாண்டில் நின்று இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் போனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணிராஜ் மட்டும் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான்.

புகை கலைந்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "கண்ணு பட்டுருச்சு. இம்புட்டுப் பேரு வந்து பாத்தா படாதா? ஆனா ஒண்ணு. ஸ்டார்ட் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு மாப்ள, அதை யாரு இல்லைங்குறது" என்றார் பிரியாணிக்கு வந்திருந்த ஒருவர்.

"அம்புட்டுத்தான். பேசுன பேச்சு பேச்சுதான். ஷெட்டு வண்டிக்கு. கோயமுத்தூருல டர்போ கெடைக்கும், ஆறே மாசம். ஏய், நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி? பந்தியைப் போடு."

அறிவுச்செல்வி அவனை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கரி, கையில் சாவி, புதுச் சட்டையில் ரோஜா இதழ். இந்த ஆளிடம் போயா இரண்டு வருஷமாக வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே இளக்காரம் வந்தது. அது அவனைப் பற்றிய இளக்காரத்தைவிட அதிகமாகச் சுட்டது.

"ஆமா, ஸ்டார்ட் ஆச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள். "நான் ஒங்ககிட்ட எடம் கேட்டதுதான் தப்பு. இனிமே கேக்க மாட்டேன். தம்பி, வண்டியை வெளிய தள்ளு."

அந்தோணிராஜ் மச்சானைப் பார்த்தான். கூட்டம் அசையவில்லை. மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த அருளப்பன், "தாயி என்ன சொல்லுது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் காதோரம் குனிந்து உரக்கச் சொன்னார். பெரியவர் மகனைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"தள்ளுங்கப்பா" என்றார்.

அதற்கப்புறம் யார் நிற்பார்கள்? ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். வண்டி பின்பக்கமாக நகரத் தொடங்கியதும் ஆனந்த்ராஜ் அலறினான்: "ஏலே, கேட்டுல இடிச்சிருவீங்கடா! பெயிண்டு போயிரும்டா!" யாரும் நிற்பதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவனே கதவைத் திறந்து ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

அறிவுச்செல்வி கேட்டருகில் நின்று வழி சொன்னாள்.

"வலது பக்கம் ஒடிங்க. இன்னும். இப்ப நேரா விடுங்க."

அவன் ஒடித்தான், நேராக விட்டான். கேட்டில் ஒரு கீறல் படாமல் காண்டஸா தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடியில் நின்று பார்த்தார்கள். ஆனந்த்ராஜ் கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

"போதும்டி, வந்துருச்சுல்ல! இன்னும் எதுவரைக்கும்டி?"

அவள் ஷெட்டு வாசலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் தள்ளுங்க, இன்னும். இங்க நின்னா கல்யாணப் பொண்ணு எப்புடி உள்ள வரும்?" என்றாள். "நீங்க இடது பக்கம் ஒடிங்க."

ஆனந்த்ராஜ் இடது பக்கம் ஒடித்தான்.