நல்லா இருக்கு

சூப்பில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை விழுந்திருந்தது. முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கிண்ணத்தைக் காலி செய்து, வழக்கம்போல "நல்லா இருக்கு" என்று எழுந்தார். பள்ளியிலிருந்து பசியோடு வந்த மகள்தான், "என்னம்மா, சூப்புல சர்க்கரையப் போட்டிருக்க?" என்று போட்டு உடைத்தாள். அவர் மனைவி மகளைப் பார்க்கவில்லை. வழித்துத் துடைத்தாற்போல் இருந்த அவருடைய கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல், போகிறபோது அவளுடைய வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கைப்பழக்கத்தில்தான் சமையல். அவரோ ஒரு பத்திரிகையில் வாராவாரம் சாப்பாட்டுப் பக்கம் எழுதுகிறவர். அவர் நுழைந்தால் ஓட்டல் முதலாளிகளே எழுந்து வந்து பரிமாறுவார்கள். ஒரு துண்டு மீனுக்கு அரைப்பக்கம் எழுதுவார். வீட்டில் மட்டும் இருபது வருடங்களாக அந்த ஒரே வார்த்தைதான். உத்தியோகத்தை வாசலோடு விட்டுவிட வேண்டும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். அதைத் தன் பெருந்தன்மை என்றே நம்பியும் வந்தார்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது எப்போதும் அவள்தான். இரண்டே வரி. அவருக்கு அதிலெல்லாம் பிடிப்பில்லை. ஆறிப்போகிறதே என்ற கவலையோடு தலையை மட்டும் குனிந்து வைப்பார். மறுநாள் மதியமும் அப்படித்தான் குனிந்தார். சத்தமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெபம் சொல்லவில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ருசியே தெரியாம நன்றி சொன்னா அது வெறும் வாய்ப்பேச்சுதானே," என்றாள். "நீங்க சொல்ற நல்லா இருக்கு மாதிரி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். ஆனால் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைக்கிறபோது பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

அன்று பிற்பகல் எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. ஏதோ ஓட்டலின் ரொட்டியைப் பற்றி 'மிருதுவான' என்று எழுதினார், அடித்தார், மறுபடி அதையே எழுதினார். முகம் தெரியாத சமையல்காரனுக்கெல்லாம் இத்தனை சொற்களை வாரி இறைத்திருக்கிறோமே என்று பட்டது. பேனாவை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனார். அவள் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார்.

"உப்பு பத்தல," என்றார்.

அந்த அடுக்களையில் அவர் சொன்ன முதல் குறை. அவள் கை நின்றது. எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள். கால் தேக்கரண்டி என்றார். வெங்காயம் ஓரத்தில் தீய்ந்திருப்பதையும் சொன்னார். தைரியம் வந்து, காய்களின் இனிப்புக்குள் ஊடுருவும் காரம் என்று ஆரம்பித்தபோது அவள் கையமர்த்தினாள்.

"பத்திரிகைக்கு எழுதாதீங்க. எனக்குச் சொல்லுங்க."

இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். யாரும் ஜெபம் சொல்லவில்லை. அவள் ஒரு வாய் எடுத்து விழுங்காமல் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவருக்குப் புரிந்தது. தானும் ஒரு வாய் குடித்தார்.

"மொதல்ல பூண்டு தெரியுது," என்றார் மெதுவாக. "அப்புறம் கேரட். மிளகு கடைசியிலதான் வருது, தொண்டைல." கொஞ்சம் தயங்கினார். "நீ எப்பவும் எறக்குறப்ப அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவ. இன்னிக்குப் பிழியல. அதத்தான் நான் தேடிட்டு இருக்கேன்."

அவள் விழுங்கினாள்.

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"எப்பவும் தெரியும்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்து மகளும் அவசரமாகக் குனிந்தாள். சூப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. குனிந்த இரண்டு தலைகளுக்கும் எதிரே, நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் ஒரு கணம் திகைத்தவர், இன்னொரு வாய் எடுத்துக் குடித்துவிட்டு, பீன்ஸ் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.