கார்டு தேய்த்தவன்

கடையில் எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமான் கூடை கவுண்டரில் வந்து உட்கார்ந்து, வாங்க வந்தவர் பர்ஸைத் தேடி எடுப்பதற்குள் பில் தயாராக இருக்கும். முட்டை அட்டையைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று ஒரு பார்வை, ரொட்டியை மேலே, சோப்பைத் தனிப் பையில். வரிசை நீளமாக இருந்தாலும் ஆட்கள் அவள் கவுண்டருக்கே போய் நிற்பார்கள்.

பல ஊர்களில் கிளை வைத்திருந்த மளிகைக் கம்பெனி அது. பெரிய முதலாளி இருந்தவரை பருப்பு, எண்ணெய், காய்கறி என்று அமைதியாக ஓடியது. அவருக்குப் பின் வந்த மகனுக்கு மளிகை லாபம் போதவே இல்லை. வாசலில் காபி ஸ்டால் போட்டார். கடைக்குப் பின்னால் பெட்ரோல் பங்க் வந்தது. மாடியில் உடற்பயிற்சிக் கூடம், மருந்துப் பிரிவுக்குப் பக்கத்தில் சலூன். "உப்பு வாங்க வந்தவனை மொட்டையடிச்சுத்தான் அனுப்புவாங்க போல" என்று காய்கறிப் பிரிவுக்காரர் சொல்ல, மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

பங்க் திறந்தபோது மின்னல் தன் தம்பிக்கு அங்கே வேலை கேட்டாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. தம்பி வயசுக்கோளாறில் சிநேகிதர்களோடு சேர்ந்து லாரி பேட்டரி திருடி மாட்டி, சில மாதம் உள்ளே இருந்தவன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான். வெளியே வந்த பிறகு கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, அவள் வீட்டு மாடி அறையில் வாயைத் திறக்காமல் இருந்தான். மேனேஜர் தாடையைத் தடவினார். "உங்க முகத்துக்காக எடுக்கறேன் மின்னல். நாளைக்கு ஏதாவதுன்னா உங்களைத்தான் கேப்பேன்."

"கேளுங்க சார்" என்றாள்.

தம்பி நன்றாகவே வேலை செய்தான். வண்டிக்காரர்கள் நீட்டும் கார்டை வாங்கி, மெஷினில் ஒரு தேய்ப்பு, ரசீதைக் கிழித்துக் கார்டோடு சேர்த்துக் கொடுப்பான். கேட்காமலே கண்ணாடியைத் துடைத்துவிடுவான். சட்டையெல்லாம் பெட்ரோல் வாசனையோடு வந்து, அக்கா பிள்ளையைத் தூக்கப் போய்த் திட்டு வாங்குவான். கொஞ்ச நாளில் பழைய பைக் ஒன்று வாங்கினான். வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் குசுகுசுவென்று பேசுவான். ஒருநாள் துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்ததை வைத்து, மறுமுனையில் இருப்பது வாசலில் காபி போடும் பெண் என்று மின்னல் கண்டுபிடித்தாள். கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம். அவனாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் புகார்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு டீச்சர் வந்தார். அவர் கால் வைத்தே இராத ஏதோ ஊரில், அவர் கார்டில் யாரோ டி.வி. வாங்கியிருந்தார்கள். அடுத்து ஒரு டாக்ஸி டிரைவர். அப்புறம் மருமகளின் பிரசவத்துக்காகச் சேர்த்ததைப் பறிகொடுத்த ஒரு பெரியவர்; அவர் கவுண்டர் முன்னால் நின்று சத்தம்கூடப் போடவில்லை, கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் எல்லோரையும் உட்காரவைத்து எங்கெங்கே கார்டு கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். எல்லோரும் பங்கில் பெட்ரோல் போட்டவர்கள், இல்லையென்றால் வாசலில் காபி குடித்தவர்கள். மளிகை மட்டும் வாங்கிப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் மின்னலைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க கவுண்டர்ல ஒரு புகார் கிடையாது மின்னல். எனக்குப் பெருமையா இருக்கு. ஆனா உங்க தம்பி..."

"அவன் என்ன சார் பண்ணான்?"

"பண்ணான்னு நான் சொல்லலை. உள்ளங்கையில அடங்கற மெஷின் ஒண்ணு இருக்காம். கார்டை வாங்கினதும் அதுல ஒரு தடவை தேய்ச்சா போதும், நகல் எடுத்துரலாம். அவன் பழைய கதை எனக்குத் தெரியும், மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது. நீங்க மனசுவிட்டுப் பேசினா நமக்குள்ளேயே முடிச்சிடலாம். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம். சமீபத்துல கையில காசு புழங்குதா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேட்டரி திருட்டின்போதும் இப்படித்தான், என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று தெருவே கேட்கக் கத்திச் சண்டை போட்டாள். கடைசியில் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்தே பேட்டரியை எடுத்தார்கள். அன்றைக்குக் குனிந்த தலை இன்னும் முழுசாக நிமிரவில்லை.

"பைக் வாங்கியிருக்கான் சார். பழசுதான்."

"வேற?"

"மாடியில போய் ரகசியமா போன் பேசுவான்."

"யார்கூட?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அதில் தப்பில்லை என்று காட்டுவதற்காகவே சொன்னாள். "நம்ம காபி ஸ்டால் பொண்ணுகூட சார். கல்யாணம் பண்ணிக்கற எண்ணம் போல."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பங்கும் காபி ஸ்டாலும். இரண்டு இடத்திலும் புகார், இரண்டு இடத்திலும் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ரகசியமாகப் பேசுகிறவர்கள். அவர் முகத்தைப் பார்த்த அந்த நொடியே, தான் சொன்னது என்ன ஆகப்போகிறது என்று மின்னலுக்குப் புரிந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மறுநாள் போலீஸ் வந்தது. தம்பியைப் பங்கிலிருந்து, சீருடையோடு, பெட்ரோல் போட வந்தவர்கள் பார்க்க ஏற்றிக்கொண்டு போனார்கள். காபி ஸ்டால் பெண்ணையும் அழைத்துப் போய் நாள் முழுக்க உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அவள் அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அந்த அப்பா மகளை அதன்பிறகு வேலைக்கு அனுப்பவில்லை.

மின்னலின் வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாதவர். ஸ்டேஷனுக்குப் போய் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தார்.

"பேச விட்டாங்களா?" என்று கேட்டாள்.

"பார்க்க விட்டாங்க. ஒரு பக்கம் முகம் வீங்கியிருக்கு. நான் கூப்பிட்டது அவனுக்குச் சரியாக் கேக்கலை."

"என்ன சொன்னான்?"

"நான் எடுக்கலை மாமான்னான். வேற ஒண்ணும் சொல்லலை."

அவள் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். ஆனால் அவள் வரிசை காலியாகவே கிடந்தது. வழக்கமாக வருகிறவர்கள் பக்கத்துக் கவுண்டரில் நெரிசலில் நின்றார்கள். தப்பித் தவறி வந்தவர்களும் கார்டைக் கையில் கொடுக்காமல் தாங்களே மெஷினில் சொருகினார்கள். காய்கறிப் பிரிவுக்காரர் மட்டும் போகிறபோது ஒரு ஆப்பிளை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். பேசமாட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். பங்க் மெஷினையும் காபி ஸ்டால் மெஷினையும் பிரித்துப் போட்டு, லேப்டாப்பில் மாட்டி, சில நாள் குடைந்துகொண்டிருந்தான். ஒரு மத்தியானம் ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொண்டு, காலியாக இருந்த அவள் கவுண்டருக்கு வந்தான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

"கிடைச்சுதா சார் கோளாறு?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கோளாறா? மெஷினுக்குள்ளேயே வைரஸ் மாதிரி ஒரு புழு புகுந்திருக்கும்மா. எங்கேயோ உட்கார்ந்துகிட்டு எவனோ அனுப்பியிருக்கான். யார் கார்டு தேய்ச்சாலும் விவரம் அவனுக்குப் போயிடும். இந்த ஊர் மட்டுமில்லை, எல்லாக் கிளையிலயும் பங்க், காபி ஸ்டால் ரெண்டுலயும் இதே கதை."

"இந்த மெஷின்ல?"

"இது புதுசு, சிப் சொருகறது. இதுல ஒண்ணும் பண்ண முடியாது. புதுக் கடைகளுக்கெல்லாம் மலிவா கிடைச்ச பழைய மெஷினை வாங்கிப் போட்டுட்டாங்க. ஓடுதா பார்ப்போம், ஓடினா மாத்திக்கலாம்னு."

"அப்ப... இது எப்பலேர்ந்து தெரியும்?"

"நான் வந்த அன்னிக்கே ரிப்போர்ட் அனுப்பிட்டேனே. மேல வக்கீல்கள் பார்த்துக்கிட்டிருக்காங்களாம்." மீதியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் அப்படியே எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சார், மெஷின்தான் காரணம்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மழுப்பவில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. "தெரியும் மின்னல். அறிவிப்பு வெளியிடற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. இப்ப வெளிய தெரிஞ்சா எல்லாக் கிளையும் படுத்துடும். கொஞ்சம் பொறுங்க."

"என் தம்பி உள்ள இருக்கான் சார்."

"வந்துடுவான். நானே பேசறேன்."

"எப்ப?"

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார்.

அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, கம்பெனியிலிருந்து எழுத்தில் வரட்டும் என்றார். "மேனேஜர்கிட்ட நீங்களே ஒண்ணு சொன்னீங்க, இப்ப நீங்களே வந்து வேற சொல்றீங்க. எதை நான் நம்பறது?" என்றும் கேட்டார். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கடைக்குத் திரும்பினாள். சாயங்காலக் கூட்டம். தன் கவுண்டரில் உட்காரவில்லை. வரிசைகளுக்கு நடுவில் போய் நின்றாள். தெருவில் பேட்டரிக்காகக் கத்தியபோது இருந்த குரல் இப்போது வரவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் தொடங்கினாள்.

"யாரும் பங்க்லயும் காபி ஸ்டால்லயும் கார்டு குடுக்காதீங்க. மெஷின்லதான் திருட்டு நடக்குது. கம்பெனிக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம வெச்சிருக்காங்க. என் தம்பி எடுக்கலை. அந்தக் காபிப் பொண்ணும் எடுக்கலை."

முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. அப்புறம் ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுக்க ஆரம்பித்தார். காவலாளி வந்து தோளைத் தொட்டான். "வாங்கக்கா, போயிடலாம்" என்று கெஞ்சினான். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். வெளியே கொண்டுபோய் விடும்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

வேலை அன்றைக்கே போனது. அந்தப் படம் எல்லோர் போனிலும் சுற்றியது. பத்திரிகைக்காரர்கள் கேட்கவும் கம்பெனி வேறு வழியில்லாமல் அறிவிப்பு வெளியிட்டது: சில இடங்களில் வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் வெளியார் கைக்குப் போயிருக்கலாம், மளிகைக் கவுண்டர்களுக்குப் பாதிப்பில்லை, வருந்துகிறோம். தம்பியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவனை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கூடை வந்தது, பழமும் பிஸ்கட்டும் பரிசுக் கூப்பனுமாக. வீட்டுக்காரர், வாழ்க்கையில் குரல் உயர்த்தாத மனுஷன், அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினார்.

தம்பிக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி வராது என்றார். அவன் மாடி அறையில் படுத்தே கிடந்தான். மின்னல் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பாள். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். அவள் போன பிறகு சாப்பிடுவான். ஒருநாள் அவள் போகாமல் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசுடா. திட்டவாவது திட்டு."

அவன் கேட்கிற காதைத் திருப்பி, கூரையைப் பார்த்தபடி பேசினான். "அடிக்கும்போது நான் ஒண்ணும் சொல்லலைக்கா. அடிக்கட்டும், எடுக்காதவன் எடுக்கலைன்னுதானே சொல்லணும். அப்புறம் அந்தப் போலீஸ்காரன் ஒரு பேப்பரை வெச்சுப் படிச்சான். பைக் வாங்கினது, மாடியில நின்னு பேசினது. எல்லாம் உன் அக்கா சொன்னதுடான்னான். பொய் சொல்றான்னு நினைச்சேன். அப்புறம் அவ பேரைச் சொன்னான். அது உனக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

"நல்லதுக்குத்தான்டா சொன்னேன். மறைக்க ஒண்ணும் இல்லைன்னு காட்டத்தான்..."

"நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"தப்புதான்டா."

"வீட்டுலதானே இருந்தேன். மாடியேறி வந்து, எடுத்தியாடான்னு ஒரு வார்த்தை. நான் கோவிச்சிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

அவன் முழங்காலில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை, அசையவும் இல்லை.

அடுத்த வாரம் அவன் பைக்கை விற்றுவிட்டு, தொலைதூர லாரியில் கிளீனராகச் சேர்ந்து போனான். மாமாவிடம் சொல்லிக்கொண்டான், பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தான், அக்காவிடம் "வரேன்" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் பல நாள் ஓட்டினாள்.

அவன் போன பிறகு ஒருநாள் காபி ஸ்டால் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். அவள் அப்பா கதவைத் திறந்தார், ஆளைப் பார்த்தார், "என் பொண்ணைத் திருட்டுக் கூட்டத்துல சேர்த்துவிட்டது போதாதா?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினார். சாத்திய கதவின் முன்னால் நின்று மின்னல் மன்னிப்புக் கேட்டாள். உள்ளே கேட்டதா தெரியாது.

தெரு முனையைத் தாண்டும்போது பின்னால் ஓடிவரும் சத்தம். அந்தப் பெண்தான், செருப்பில்லாமல். மூச்சு வாங்கியது.

"அவருக்குக் காது கேக்கலைன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"ஒரு பக்கம் கேக்குதும்மா."

பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. வேறு ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவள் அப்பா வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பி நடந்தாள்.