சிவப்பு நூல் கட்டிய இடம்

கைலாசத்துக்கு எட்டு நாளாக உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் நிலை கொள்ளவில்லை. கால் தறிக்குழியில் மிதித்துக்கொண்டிருந்தது. மனம் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான் பட்டு நூல் வரவழைக்கும் கம்பெனி ஒன்றுக்கு, நூலின் தரம் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கேயே ஐந்து வருஷம் தங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சேலத்துக்கு ஒரு ஜப்பான்காரர் வருகிறார், அவரிடம் அவர் பாஷையில் நாலு வார்த்தை பேசினால் போதும் என்று நூல் தரகர் சென்னியப்பன் ஒரு கையெழுத்து நோட்டைக் கொடுத்திருந்தார்.

"ஊட்ல யாரு இருக்காங்கன்னு கேப்பாரு. யாருமில்லைன்னு சொல்லிப்போடு. குடும்பஸ்தனை எடுக்க மாட்டாங்க" என்றும் சொல்லிவைத்தார்.

கைலாசத்துக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இந்தப் பாஷையெல்லாம் நூல் விலை பேசத்தான் என்று மனைவி தெய்வநாயகியிடம் சொல்லிவிட்டான். அவளும் நம்பினாள்.

வார்த்தைகள் அவனைப் படுத்தவில்லை. அவற்றின் வாலில் ஒட்டுகிற ஓரெழுத்துகள்தான் உயிரை வாங்கின. வா, கா, நி, தே. நம் பாஷை போலவே சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டுகின்றன. அதுவரைக்கும் நல்ல பிள்ளைகள். ஆனால் நாம் வீட்டில் இருக்கிறோம், வீட்டில் நெய்கிறோம், இரண்டுக்கும் ஒரே 'இல்' போதும். அவர்களுக்கு, இருக்கிற இடத்துக்கு நி, வேலை நடக்கிற இடத்துக்கு தே. வாவும் காவும் அதைவிட மோசம். பேச்சில் இருக்கிற ஆளைப் பற்றிச் சொன்னால் வா. யார் என்று கேட்டதற்கு ஆளைக் காட்டினால் கா. நோட்டை மூடினால் நாலும் சந்தை மாடு போலக் கலந்துபோயின.

நெய்கிறவன் நோட்டை எந்தக் கையில் பிடிப்பான்? எதிரே நெடுக்கு இழைகளாக நீண்டிருந்த பாவின் கரை இழையில் அங்கங்கே கலர் நூல் கட்டிவைத்தான். வாவுக்கு மஞ்சள், காவுக்குப் பச்சை, தேவுக்கு நீலம். நிக்குக் கையில் அகப்பட்டது சிவப்பு. நெய்ய நெய்யப் பாவு நகர்ந்து நூல் கிட்டே வரும். அந்த எழுத்து வருகிற வாக்கியத்தை முணுமுணுத்துவிட்டு அதை அவிழ்ப்பான்.

சிவப்பைக் கட்டியிருக்கக் கூடாது. அவன் ஊரான இளம்பிள்ளையில் பாவு ஓட்டுகிறவர்கள் ஒரு சேலை முடிகிற இடத்துக்குச் சிவப்பு நூல்தான் கட்டுவார்கள். அதைக் கண்டதும் நெய்கிறவர் முந்தி, அதாவது முந்தானை, போட ஆரம்பித்துவிடுவார். இது கைலாசத்துக்குத் தெரியாததா? தறியில் நாம்தானே இருக்கப்போகிறோம் என்ற அலட்சியம். மனசால் ஊரை விட்டுப் போய்விட்டவனுக்கு எதுதான் நினைவில் நிற்கும்!

செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் அவசரமாக ஆளனுப்பினார். கைலாசம் சேலத்துக்கு ஓடினான். வெள்ளிக்கிழமை அந்திக்குள் ராசிபுரத்துக் கல்யாண வீட்டுக்கு முகூர்த்தச் சேலை போக வேண்டும் என்று தெய்வநாயகி தறியில் இறங்கினாள். அவன் திரும்பி வந்தபோது, அவன் கட்டிய சிவப்பை நம்பி அவள் நெய்த ஒரு முழம் சரிகை முந்தி பளபளத்தது. நிஜமான சிவப்பு நூல் இன்னும் இரண்டு முழம் தள்ளிப் பாவில் கிடந்தது. இப்படியே விட்டால் சேலை இரண்டு முழம் குறைந்துவிடும்.

பிரிப்பதைத் தவிர வழியில்லை. பட்டு அறாமல் குறுக்கு இழையான ஊடையை ஒவ்வொன்றாக உருவ இரண்டு பேர் வேண்டும். புதன்கிழமை விடிந்ததும் தறியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"இந்தச் சேப்பு நூலு எதுக்குங்க கட்டுனீங்க?"

"பாடம் ஞாபகம் வர்றதுக்குத்தான்."

"அதுக்கு என்னங்க பாடம்?" ஆசையாகத்தான் கேட்டாள்.

எதையாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு உருப்போட்டதையே சொன்னது. "இயே நி தாரேமோ இமாசென்."

"அப்படின்னா?"

"ஊட்ல யாருமில்லை." அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கோபே, ஐந்து வருஷம், சென்னியப்பன் சொன்னது, எல்லாம் வெளியே வந்தன.

தெய்வநாயகி அழவில்லை. உருவிய ஊடையின் நுனியை அவன் பக்கம் நீட்டினாள்.

"யாருமில்லாத ஊட்ல இத யாருங்க நீட்டறது? புடிங்க."

அவன் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டான். அன்றும் மறுநாளும் அவள் ஊடையின் நுனியை நீட்டியதோடு சரி. 'போக வேண்டாம்' என்றாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை சேலத்தில் ஜப்பான்காரர் பேர் கேட்டார், ஊர் கேட்டார், என்ன வேலை என்றார். வாவும் தேவும் பிசகாமல் பதில் சொன்னான். சென்னியப்பன் பூரித்துப் போனார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. சென்னியப்பன் கண்ணைக் காட்டினார்.

"த்சுமா கா இமாஸ்" என்றான் கைலாசம். மனைவி இருக்கிறாள். அத்தனை நாள் தொல்லை கொடுத்த கா தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஜப்பான்காரர் தலையசைத்துவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

பஸ்ஸில் வழி நெடுக அவனுக்கு மனசு ஆறவில்லை. கோபே ஆசை போய்விட்டது என்று யார் சொன்னது? அது அப்படியேதான் அரித்தது.

வீட்டில் தெய்வநாயகி சரியான இடத்தில் முந்தியை நெய்து முடிக்கிற தறுவாயில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னங்க சொன்னீங்க?"

ஜப்பான் பாஷையிலேயே சொன்னான். அவள் கையில் ஊடை ஓட்டும் நாடா நின்றது.

"இது அன்னிக்குச் சொன்னது இல்லீங்களே" என்றாள்.