சின்ன வரிசை

எங்கள் கேளிக்கைப் பூங்காவின் படகுச் சவாரிக்கு மூன்று வரிசைகள் இருந்தன: எங்கள் ஊர்ப் பேச்சான கான்டனீஸ், சீனாவின் மற்றப் பகுதிகளிலிருந்து வருபவர்களுக்கு மாண்டரின், மீதிப் பேருக்கு ஆங்கிலம். அமெரிக்காவிலுள்ள மூலப் பூங்காவில் ஒரே வரிசைதானாம். ஹாங்காங்குக்காக மூன்றாக்கினார்கள். படகோட்டி வழியெல்லாம் வேடிக்கை பேசிக்கொண்டே வருவார். அது புரியவேண்டும் அல்லவா.

கான்டனீஸ் படகில் குவான் அண்ணன். பொம்மை யானை தண்ணீர் பீய்ச்சும் இடத்தில், "நல்லாப் பாத்துக்குங்க, இந்த யானையோட குளியலறை உங்க வீட்டைவிடப் பெருசு" என்பார். தீப்பெட்டி வீடுகளில் வாழும் ஊர் எங்களுடையது; சிரிப்பில் படகு குலுங்கும். எத்தனை முறை கேட்டாலும் நானும் சிரிப்பேன்.

நான் வரிசை வாசலில் நிற்பவள். யாரும் சொல்லாமலே, மணிக்கு ஒருமுறை எந்த வரிசையில் எத்தனை தலை என்று நோட்டில் எழுதிவந்தேன். எழுதாவிட்டால் எதையோ விட்டுவிட்டதுபோல் இருக்கும். வேலை முடிந்து வாரம் மூன்று நாள் குவாய் சுங்கில் மாண்டரின் வகுப்பு. எனக்கும் படகு ஓட்ட ஆசை.

ஜூனில் மேலாளர் மிஸ் பாங் வந்தார். "கெய், நீ ஏதோ நோட்டு வச்சிருக்கியாமே? குடு பாப்போம்."

கொடுத்தேன். என் கையெழுத்தைப் பாராட்டினார்.

மறுவாரம் அறிவிப்பு வந்தது. கான்டனீஸில்தான் ஆள் குறைவாம். ஆகஸ்டிலிருந்து அந்த வரிசை கிடையாது, மாண்டரினுக்கு ஒரு படகு கூடும்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மொழி பார்த்து நிற்பதில்லை. எது சின்ன வரிசையோ அதில் நிற்பார்கள். ஒரு வார்த்தை புரியாமல் சவாரி போய்விட்டு, ஐந்து நிமிடம் மிச்சம் என்று மகிழ்வார்கள். கான்டனீஸில் முப்பத்தெட்டு, ஆங்கிலத்தில் நாற்பது என்று எழுதியிருந்தேன். அந்த நாற்பதில் முப்பது பேர் எங்கள் ஆட்கள். தினமும் கண்ணால் பார்த்ததை எழுதவில்லை.

மறுநாள் மிஸ் பாங்கிடம் சொன்னேன்.

"நோட்டுல இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப அது உன் அபிப்பிராயம்." காகிதங்களை அடுக்கினார். "புதுப் படகு உனக்குத்தான்னு நினைச்சேன். வேணாமா?"

"வேணும் மேடம்."

குவான் அண்ணன் படகுத் துறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, தலையை எண்ணினியே, அந்தத் தலைங்க எந்தப் பேச்சுல திட்டிக்கிட்டு நிக்குதுன்னு உன் காதுல விழலையா?"

"எழுத மறந்துட்டேன் அண்ணே."

"நல்ல மறதிம்மா. படகெல்லாம் வாங்கிக் குடுக்குது."

மறந்துதான் போனேனா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்டில் என் முதல் சவாரி. யானை வந்ததும் அண்ணனின் பேச்சை மாண்டரினில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வடசீனாவின் ஹார்பினிலிருந்து வந்த ஒரு அம்மாள் கவலையோடு கேட்டார்: "உங்க வீடெல்லாம் அவ்வளவு சின்னதா கண்ணு?"

குவான் அண்ணன் இப்போது என் பழைய இடத்தில், வரிசை வாசலில் நிற்கிறார். சனிக்கிழமை நான் துறையில் காத்திருந்தபோது, இரண்டு பிள்ளைகளோடு ஒரு தம்பதி கான்டனீஸில் கேட்டார்கள்.

"அண்ணே, நம்ம பேச்சு எந்தப் படகுல?"

"எதுலயும் இல்ல."

"சரி, எது சீக்கிரம் போகும்?"

அவர் என் படகைப் பார்த்தார். "இங்கிலீஷுக்குப் போங்க. ஒண்ணும் புரியாது, நிம்மதியா இருக்கும்."

ஓடினார்கள். பழக்கத்தில் எண்ணினேன். ஆங்கிலத்தில் இன்னும் நான்கு.