நிலா நெருங்கி வந்த மத்தியானம்

நிலாவின் படத்தை லூர்துமேரி முதன்முதலில் பார்த்தது செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். அறுபத்திநாலாம் வருஷம், ஆகஸ்டு மாதம். தளவானூர்ப் பக்கத்திலிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், கடை வாசலில் இருபது முப்பது பேர் ஒரே பேப்பரின் மேல் கவிழ்ந்து நிற்பதைக் கண்டு திடுக்கிட்டுப் போனாள். மே மாதம் நேரு இறந்தபோது இப்படித்தான் கூடி நின்றார்கள்.

எட்டிப் பார்த்தால் நிலா. அமெரிக்காக்காரன் அனுப்பிய யந்திரம் ஒன்று நேரே போய் நிலாவின் மேல் மோதி நொறுங்கிவிட்டதாம். நொறுங்குவதற்கு முந்திய கால்மணி நேரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் படங்களை எடுத்து அனுப்பியிருக்கிறதாம். அதில் ஒன்றுதான் அது. முழுக்கக் குழி. பெரிய குழிக்குள் சின்னக் குழி.

"கேவுரு மாவுல தூறல் போட்டாப்புல இருக்குது" என்றார் கடைக்காரர் தங்கராசு.

"அம்மை வடுப்பா இது. நல்லாப் பாரு" என்றார் ஒருவர்.

"இடிச்சுட்டான் இல்ல? வர்ற அமாவாசைக்கி மறையற நிலா திரும்பி வராதுன்னு மேல்மலையனூர்ல பேசிக்கிறாங்க" என்றார் பஸ் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்ததை லூர்துமேரி கவனித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய ஊர்க் கோயிலில் மாதா சொரூபம் பிறைநிலாவின் மேல்தான் நிற்கும். சின்னப் பிள்ளையில் அவளுக்கு எட்டியது அந்தப் பிறை மட்டும்தான். அதைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மாதாவின் காலடியில் போய் யாரோ எதையோ எறிந்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கணவன் காஸ்பரிடம் சொன்னபோது அவன், "அது மரத்துல செஞ்ச சொரூபம். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?" என்றான். நியாயமான பேச்சுதான். அமாவாசை கழிந்து நிலாவும் ஒழுங்காகவே வந்தது. ஆனாலும் வாசலில் பாத்திரம் தேய்க்கிறபோது அவள் நிலாவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

அக்டோபரில் மெட்ராஸிலிருந்து படவேன் வந்தது. யந்திரம் எடுத்த படங்களையெல்லாம் கோத்துச் சினிமா மாதிரி ஓட்டிக் காட்டப் போகிறார்கள் என்று தெருவெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். மல்லாட்டை மண்டிக்காரர்கள் வேர்க்கடலை மூட்டைகளை அகற்றித் தங்கள் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார்கள். "மூணாங் கிளாசுலேர்ந்து எல்லாப் புள்ளைங்களையும் இட்டுக்கினு போங்க. கேட்டாலும் கெடைக்காது இந்த மாதிரி" என்று தலைமையாசிரியர் ஆரோக்கியநாதன் உத்தரவு போட்டுவிட்டார். லூர்துமேரி டீச்சராக இருந்தது மூன்றாம் வகுப்புக்கு. முப்பத்துநான்கு பிள்ளைகள்.

மத்தியானம் மூன்று மணி. ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். தகரக் கூரை அனலை இறக்கியது. பிள்ளைகள் முன்னால் தரையில், பின்னால் ஊர்ஜனம். ஆட்கள் வந்து வந்து வெளிச்சம் விழுந்ததால், இருந்த ஒரே கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

"டீச்சர், நான் உங்க பக்கத்துல குந்திக்கவா?" என்று கேட்டாள் ஜ்வாலாமாலினி. மண்டியில் பங்குள்ள ஜைனர் ஸ்ரீபாலின் மகள், எட்டு வயசு. வகுப்பில் அவளை மாலினி என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டென்றால் அவளுக்கு ஆகாது. லூர்துமேரி நகர்ந்து இடம் கொடுத்தாள். பிள்ளை அவளுடைய கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டது.

ராக்கெட் கிளம்பியபோது விசில் பறந்தது. பிறகு நிலா வந்தது. வேனோடு வந்த ஆபரேட்டர் கோதண்டராமன் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்: "இப்ப யந்திரம் ஆயிரம் மைல் ஒசரத்துல இருக்கு. இப்ப ஐந்நூறு." பிள்ளைகள் குழிகளை எண்ணினார்கள். ஒரு குழி விரிந்து திரையை விட்டு வெளியே போகும். அதற்குள்ளிருந்து நூறு சின்னக் குழிகள் கிளம்பும். அவற்றில் ஒன்று விரியும். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். கோதண்டராமனும் நிறுத்திவிட்டார். வெளியே ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

லூர்துமேரிக்கு உட்கார்ந்திருந்த தரை சாய்ந்தது.

ஏழு வயசில் அவள் தண்ணீர் குறைந்த ஒரு கழனிக் கிணற்றில் விழுந்திருக்கிறாள். ஆட்கள் கயிறு கட்டி இறங்கித் தூக்கினார்கள். விழுந்த வலி அவளுக்கு ஞாபகமில்லை. விழும்போது கிணற்றின் அடி தன்னை நோக்கி எழும்பி வந்ததுதான் ஞாபகம். தான் கீழே போகவில்லை, அதுதான் மேலே வருகிறது என்று அப்போது தோன்றியது. இப்போது அதே அடி, அதே வேகத்தில், முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. மாதாவே, மாதாவே என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கையை ஏதோ இறுக்கிப் பிடித்து இழுத்தது. "விடு!" என்று கத்தி உதறினாள். பிள்ளைகளின் கால்களை மிதித்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய நிழல் திரையில் பெரிதாக விழுந்து மறைந்தது. அந்த நேரம் பார்த்து, யந்திரம் நிலாவில் மோதிய நொடியில், கடைசிப் படம் பாதியிலேயே அறுந்து திரையெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது.

"மேல வுழுதுடா!" என்று எவனோ அலறினான். கிடங்கு மொத்தமும் எழுந்தது.

தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. இரண்டு கையாலும் அடித்துத் திறந்தாள். வெயில் கண்ணில் குத்தியது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்புறப் புளியமரத்தடிக்குப் போன பிறகுதான் நின்றாள். திரும்பிப் பார்த்தபோது, கதவு வழியாக ஜனம் பிதுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டே அவளைத் தேடி ஓடிவந்தார்கள். எண்ணினாள். எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணினாள். முப்பத்துமூன்று.

மாலினியைக் கோதண்டராமன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் இடது கை முழங்கைக்குக் கீழே திரும்பித் தொங்கியது. அவள் அழவில்லை. லூர்துமேரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது, வராந்தாவில் கோதண்டராமன் பீடியைப் பற்றவைத்தார்.

"எத்தனையோ ஊர்ல ஓட்டியிருக்கேம்மா. ஒரு ஊர்ல திரைக்குக் கற்பூரம் காட்டினாங்க. ஒரு ஊர்ல, சுண்ணாம்பைக் கொட்டி ஸ்டுடியோவுல எடுத்த பித்தலாட்டம்னு சண்டைக்கு வந்தாங்க. ஒரு கிழவர், அங்க கெணறு வெட்டினா தண்ணி வருமான்னு கேட்டாரு. எழுந்து ஓடினது இங்கதான்." குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல எழுந்தது நீங்க. மிஷின் பக்கத்துல இருந்தவன் நான், பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க."

மறுநாள் காலையில் வேன் போய்விட்டது. அவர் சொன்ன வார்த்தை மட்டும் போகவில்லை.

ஊர் வேறு மாதிரி பேசியது. "டீச்சரம்மா மட்டும் சமயோசிதமா ஓடிப்போயி தாப்பாளத் தொறக்கலன்னா, அம்மாம் பேரும் உள்ளயே நசுங்கிப் போயிருப்போம்" என்று ஆரோக்கியநாதன் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு அவளுக்குச் சால்வை போர்த்தப் போகிறார்களாம். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் அவள் நடையை எட்டிப் போட்டாள். இதில் எவனாவது பார்த்திருப்பானோ? பிள்ளை எப்போது சொல்லும்? யாரிடம் சொல்லும்? கதவு தட்டப்பட்டால் ஸ்ரீபால்தான் வந்துவிட்டாரோ என்று கையிலிருந்ததைக் கீழே போட்டாள். காஸ்பர், "ஏன் இப்டி வெலவெலத்துப் போற? ஒடம்புக்கு இன்னா?" என்று கேட்டதற்கு, வெயில் என்றாள்.

சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்கு முன்பே வெள்ளிக்கிழமை ஒரு சேதி வந்தது. கை உடைந்த நாளிலிருந்து மாலினி வாயே திறக்கவில்லையாம். யார் கேட்டாலும் பதில் இல்லையாம்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஸ்ரீபால் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தாள்.

"வாங்க டீச்சர், வாங்க" என்று மாலினியின் அம்மா ராஜமதி எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பொண்ணு உசுரு நீங்க போட்ட பிச்ச." மாலினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாவுக்கட்டு முழங்கைக்கு மேல்வரை இருந்தது. பக்கத்தில் தட்டில் சோறு. "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்ரணும் எங்க வூட்ல. இவ ஒரு வாய் வாங்கமாட்டேங்கறா. இவுங்க நைனாவும் சரியா சாப்பிடல. நிலாவுலயும் ஜினாலயம் இருக்குதுன்னு எங்க பெரியவங்க சொல்லியிருக்காங்க டீச்சர். அந்தப் படத்துல ஒண்ணையும் காணமே, இடிச்சுட்டானுங்களா, இல்ல நமக்குத்தான் தெரியலியான்னு அவரு கேட்டுக்கினே இருக்காரு. எனக்கே பயமா இருக்குது."

 ராஜமதி உட்காரச் சொல்லியும் லூர்துமேரி உட்காரவில்லை.

"நான் கதவத் தொறக்கறதுக்காவ ஓடலம்மா" என்றாள். "பயந்து ஓடனேன். மொதல்ல எழுந்ததே நான்தான். மாலினி என் கையப் புடிச்சா. உதறிட்டு ஓடிட்டேன்."

ராஜமதி அவளுடைய கையை விட்டாள்.

"உதறனீங்களா?"

"ஆமா."

"இருட்டுல? இம்மாந்துண்டு புள்ளைய?"

 ராஜமதியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "கெளம்புங்க டீச்சர். அவுரு வர்றதுக்குள்ள கெளம்பிடுங்க."

லூர்துமேரி வாசற்படி இறங்கினாள்.

"டீச்சர்." கட்டிலிலிருந்து குரல் வந்தது. மூன்று நாள் பேசாத குரல், கரகரவென்று. "படத்துல அது வுழுந்தப்புறம் இன்னா ஆச்சு?"

லூர்துமேரி திரும்பினாள். "தெரியலம்மா. நான் பாக்கல."

"நானும் பாக்கல. கண்ண மூடிக்கினேன்" என்றாள் மாலினி. "அம்மா, தண்ணி."

ராஜமதி சொம்பை எடுக்கப் போனவள் நடுக்கூடத்திலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லூர்துமேரி மெல்ல வெளியே வந்துவிட்டாள்.

சால்வைக் கூட்டம் நடக்கவில்லை. திங்கட்கிழமை ஸ்ரீபால் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆரோக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டு மேஜையைப் பார்த்தார்.

"நீங்களா வந்து சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் ஸ்ரீபால். "பொண்ணு உங்க கிளாசுலயே இருக்கட்டும். இனிமே வெளியில எங்க இட்டுக்கினு போனாலும் அவுங்க அம்மா கூட வருவா. அவ்ளோதான்." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் ஊருக்குள் பரவியது. கும்பிட்டவர்கள் இப்போது வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் தன் பையனைப் பள்ளியிலிருந்தே நிறுத்தி வேறு இடத்தில் சேர்த்தார்.  மூன்றாம் நாள் காஸ்பர், "எங்கிட்டயாச்சும் மொதல்ல சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

மார்கழி கடைசியில் பள்ளிக்கூடமே செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போயிற்று. சொன்னபடியே ராஜமதி வந்தாள். ராஜகிரி மலை ஏறும் வழியெல்லாம் அவள் மகளைவிட்டு ஓர் அடி விலகவில்லை. லூர்துமேரியிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. உச்சிக்கு முன்னால், பாறை பிளந்து கிடக்கிற இடத்தில், பாலம் வந்தது. மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளை வரிசையாக அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். லூர்துமேரி கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.  முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் மாலினியும் நின்றுவிட்டாள்.

 ராஜமதி லூர்துமேரியின் தோளைத் தொட்டு மெதுவாகப் பின்னுக்கு இழுத்தாள்.

"எனக்கும் இதத் தாண்ட பயமாத்தான் இருக்குது" என்றாள். "அவுங்க போயிட்டு வரட்டும். இப்டி குந்துங்க."

பாறை நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ராஜமதி மூட்டையை அவிழ்த்துப் பொரிவிளங்காய் உருண்டை ஒன்றை மகளுக்குக் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொன்றை எடுத்து லூர்துமேரியின் பக்கம் நீட்டினாள்.